போபோவுக்கு மதினி சொன்ன சொல்

சமையற்கட்டின் பின் ஜன்னலில், உப்புச் சாடியின்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு கைபேசி. அதற்குள் வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு வயதான அம்மாவின் முகம். அந்த முகத்துக்கு நேரே பலகை போட்டு உட்கார்ந்து, அடுப்புப் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஸிக் ஸாய், போபோ, ஸிக் ஸாய்" என்று கெஞ்சலும் அதட்டலுமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் என் மதினி. என் அண்ணன் மனைவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வந்து நிற்பது இந்தக் காட்சிதான். பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்த ஒரு ஜன்னலில்தான். நமக்கு மாலை நாலு மணி என்றால் ஹாங்காங்கில் ஆறரை, அவர்களுக்கு இராச் சாப்பாட்டு நேரம். பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்கள் ஜன்னலைத் தாண்டும்போது, "என்னா, சீனத்தம்மா இன்னும் உண்ணலியா?" என்று சொந்தக்காரியை விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போவார்கள். லயத்துப் பிள்ளைகள் அடம் பிடிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சோறு ஊட்டும்போது "ஸிக் ஸாய்" என்று மிரட்டப் பழகியிருந்தார்கள். முழுக்கச் சாப்பிடு, ஒன்றும் மிச்சம் வைக்காதே என்று அர்த்தம். சீனத்தம்மாவின் மொழியில் எங்கள் லயம் பூராவுக்கும் தெரிந்திருந்தது அந்த ஒரு சொல்தான்.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தையல் பழகி, பசறை பஜாரில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அளவு எடுக்கும்போது ஆட்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் படிப்பு. வெலிமடைப் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கு லொறியோடு வருகிறவர் ஒரு விதமாகச் சொல்வார், பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அம்மா இன்னொரு விதமாகச் சொல்வார், லயத்துப் பெண் மூன்றாவது விதமாகச் சொல்வாள். சட்டையைத் தைத்துக் கொடுத்த பிறகும் அந்தப் பேச்சு என்னிடம் தங்கிவிடும். அப்படிப்பட்ட எனக்கு, சொந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தி கடல் தாண்டிய ஒரு பாஷையைக் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருப்பேனா? மதினி ஹாங்காங்கிலிருந்து ஊருக்கு வந்த முதல் மாதத்தில் அவரைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டே கொன்றிருக்கிறேன். "ஏன் புள்ள, நீ அங்க போகவா போற?" என்று சலித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார்.

எல்லாரும் குவைத், சவூதி என்று வீட்டு வேலைக்குப் போன காலத்தில் மதினிக்கு ஹாங்காங் அமைந்தது. அண்ணன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஒரு வீட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் பேச்சு. மகளுக்கு அப்போது நாலு வயது. என் இடுப்பில் அவளை வைத்துவிட்டுத்தான் மதினி வேனில் ஏறினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், பிள்ளை அவரோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் சமயத்தில் திரும்பவும் பெட்டியைக் கட்டுவார். இப்படியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. அவ்வளவு காலமும் ஒரே வீடு, ஒரே ஆள். மாடிமேல் மாடியாக அடுக்கிய கட்டடத்தில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர் தெரிகிற ஒரு சின்ன வீட்டில், ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அங்கே பாட்டியை 'போபோ' என்பார்களாம். மதினியும் போபோ என்றுதான் கூப்பிட்டார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

போபோவுக்கும் மதினிக்கும் முதல் சண்டை சோற்றுக்காக வந்தது. எங்கள் லயத்தில் எந்த வீட்டிலும் சட்டியை வழித்துத் துடைத்துச் சோறு போட மாட்டார்கள். ஸ்டோரில் இரவு வேலைக்குப் போனவன், பதுளை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவள், கோபித்துக்கொண்டு தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குப் போன மகன் என்று யாராவது ஒரு ஆள் வெளியே இருப்பார்கள். அவர்களுக்கென்று அடிச்சட்டியில் ஒரு கை சோறு இருக்கும். அவர்கள் வருவார்களா மாட்டார்களா என்பது வேறு விஷயம். அந்தச் சோறு இருக்கிற வரைக்கும் அந்த ஆள் இன்னும் வீட்டு ஆள். மதினி அங்கேயும் போபோவின் மகனுக்காக அப்படி வைத்தார். அவர் வேறு இடத்தில் குடியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். தினமும் குக்கரின் அடியில் சோறு கிடப்பதைப் பார்த்த போபோ, இவள் திருட்டுத்தனமாக எடுத்து வைத்துச் சாப்பிடுகிறாள் என்றே நினைத்துவிட்டார். பஞ்சம் பார்த்த மனுஷி. ஒரு பருக்கையை விட்டாலும் திட்டுவார். "ஸிக் ஸாய், ஸிக் ஸாய்" என்று கரண்டியால் குக்கரைத் தட்டுவாராம். பாஷை பிடிபடாத மதினிக்கு, கையையும் காலையும் ஆட்டி, வாசலைக் காட்டி, உங்கள் மகன் வந்தால் தின்பதற்கு என்று விளங்கவைக்க ஒரு வாரம் ஆகியிருக்கிறது. விளங்கிய அன்று போபோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து சோற்றை மூடி வைக்க அவரே ஒரு தட்டு எடுத்துக் கொடுத்தார் என்று மதினி சொல்வார்.

அந்த 'ஸாய்' என்ற சொல்தான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நாம் 'எல்லாம்', 'பூரா', 'சுத்தமா', 'அடியோட' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்புறம் காரியத்துக்கு வருவோம். அவர்கள் காரியத்தை முதலில் சொல்லி, அதன் பின்னாலேயே 'ஸாய்' என்று ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். மழையில் தொப்பலாக நனைந்து வந்தால் 'ஸாப் ஸாய்'. கடையில் சாமான் எல்லாம் விற்றுப்போனால் 'மாய் ஸாய்'. பாக்கி எதுவும் இல்லை. இதைத் தவிர உறுதிப்படுத்துகிற சொற்கள் இரண்டு: 'சன் ஹை' என்றால் நிஜமாகவே, 'யாட் டிங்' என்றால் கட்டாயம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே முதல் வருஷத்தை ஓட்டியதாக மதினி சொல்வார். வேலை முடிந்ததா என்று கேட்டால் ஸாய். உண்மையாகவா என்றால் சன் ஹை. நாளைக்குச் செய்வாயா என்றால் யாட் டிங். அதைக் கேட்ட அண்ணன், "என்கிட்ட பேசுறதுக்கு இவளுக்கு அந்த மூணு கூட வேணாம், ஒரு 'ம்' போதும்" என்றார்.

ஆனால் 'ஸாய்' என்ற சொல் மதினியின் வாயில் அவ்வளவு சுலபமாக வரவில்லை. நம்முடைய ஆட்கள் எதையும் முடித்துச் சொல்லப் பயந்தவர்கள். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம், அரிசி வாங்கணும் என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். படி இறங்குகிறவள் போகிறேன் என்று சொன்னால் உள்ளே இருக்கிற பெரியவர்கள் வாசலுக்கு ஓடிவந்து திருத்துவார்கள். போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு அழைக்கிறவரிடம், போக முடியாது என்று மனதுக்குத் தெரிந்திருந்தும், 'கட்டாயம் வர்றோம்' என்று சொல்லித்தானே பத்திரிகையை வாங்குகிறோம்? அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, மரியாதை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். மதினி இந்த மரியாதையோடு வளர்ந்தவர். அந்த மரியாதைதான் அங்கே பிசகிப்போனது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மதினி ஹாங்காங்கை விட்டு ஒரேயடியாக வந்தார். போபோவுக்கு அப்போதே ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. மகன் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தார். புறப்படுகிற அன்று லிஃப்ட் வாசல் வரைக்கும் போபோ ஊன்றுகோலோடு வந்து நின்றாராம். மதினி என்ன செய்வார்? எங்கள் வீட்டுப் படியில் நின்று எப்படிச் சொல்வாரோ அப்படியே அந்தப் பாஷையில் சொன்னார்: "போபோ, நான் போயிட்டு வர்றேன்." போபோ உடனே, வருவாயா என்று கேட்டார். அந்த ஊரில் யாரும் சும்மாவுக்கு வருகிறேன் என்று சொல்வதில்லை. மதினிக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. பெரியவர் கேட்கும்போது எப்படி இல்லை என்று சொல்வது? "யாட் டிங்" என்றார். கட்டாயம். லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்தார், மகளுக்குக் கல்யாணம் நடந்தது, எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மகளைப் பண்டாரவளைப் பக்கம் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம் அல்லவா. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்து வந்தோம். தாயும் மகளும் ஒரே கூரையின் கீழே தொடர்ந்தாற்போல மாதக்கணக்கில் இருந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். மகளுக்கு என்ன பிடிக்கும் என்று மதினி என்னிடம் வந்து கேட்பார். நான் சொன்னதைச் சமைத்து வைப்பார். மகள் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குங்க" என்பாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல.

போபோவின் மகனிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். இல்லத்தில் அம்மா சாப்பிட மறுக்கிறார், உங்கள் குரலைக் கேட்டால் ஒருவேளை சாப்பிடுவார் என்றார். முதல் நாள் திரையில் மதினியின் முகம் தெரிந்ததும் போபோ கையை நீட்டி அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தார். மதினி "ஸிக் ஸாய்" என்றார். அந்தப் பழைய அதட்டலைத் திருப்பி அவரிடமே கொடுத்ததும் போபோ சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். ஆனால் பாதிக் கிண்ணம்தான். பாதியை ஒதுக்கி, மேலே ஒரு தட்டை வைத்து மூடினார். தாதி எடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். மறுநாளும் அப்படி, அதற்கு அடுத்த நாளும் அப்படி. முகம் வற்றிக்கொண்டே வந்தது. ஏன் முழுக்கச் சாப்பிடவில்லை என்று மதினி கேட்டதற்கு ஒரு நாள் பதில் வந்தது. நீ வருவதாகச் சொன்னாயே, வந்தால் பசியோடு வருவாய், இது உனக்கு. கைபேசியைப் பிடித்தபடி மதினி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்ட பிறகுதான் தமிழில் சொன்னார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் நாலு மணி மதினிக்குக் கண்டம்தான். அழைத்தால் போபோ பாதி சாப்பிடுகிறார், அழைக்காவிட்டால் அதுவும் இல்லை. அழைத்தால் அவர் இன்னும் உறுதியாகக் காத்திருக்கிறார். கடைசியில் போபோவின் மகனே ஒரு நாள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும் என்கிறார், அம்மா பிடுங்கிப் போட்டுவிடுவார், கையைக் கட்ட வேண்டியிருக்கும், எனக்கு அதைப் பார்க்க மனமில்லை. நீங்கள் ஒரு தடவை வந்து கொஞ்ச காலம் இருந்தால் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். வர முடியாது என்றால், வர முடியாது என்பதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

அந்த மனுஷன் அரைகுறை ஆங்கிலத்தில் பேசியதால் அறைக்குள் இருந்த மகளுக்கும் விளங்கிவிட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு சமையற்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. "நீங்க போறதுன்னா போங்கம்மா. ஆனா இந்தத் தடவ போயிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க" என்றாள்.

மதினிக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மதினி முதல் தடவை வேனில் ஏறிய நாளில் "அம்மா போயிட்டு வர்றேன்" என்று சொன்னதை அந்த நாலு வயசுப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டது. கடைக்குப் போகும்போதும் அம்மா அதைத்தானே சொல்வாள்? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்போதும் அதைத்தானே சொல்வாள்? சாயந்திரமானால் வேன் திரும்பும் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். தூக்கிக்கொண்டு வந்தால் கடிக்கும். எவ்வளவு காலம் அப்படி இருந்தாள் என்று எனக்கு இப்போது கணக்குத் தெரியவில்லை. ஒரு நாள் போவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதைப் பார்த்து அன்றைக்கு நான் நிம்மதிப்பட்டேன். இதையெல்லாம் மதினியிடம் நாங்கள் யாரும் ஃபோனில் சொல்லவில்லை. அங்கே இருந்துகொண்டு அழுவார், என்ன பிரயோசனம் என்று விட்டுவிட்டோம். இப்போது அதை மகளே சொன்னாள். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அந்தக் கெழவிக்கும் இப்ப அதேதான் நடக்குது" என்று அறைக்குள் போய்விட்டாள்.

அண்ணன் மாத்திரம் நிலைமையை இலேசாக்கப் பார்த்தார். "பசறையிலேருந்து பேசி ஹாங்காங்குல சோறூட்டுறா. இங்க பக்கத்துல இருக்கிறவன் சாப்பிட்டானான்னு ஒரு நாளாச்சும் கேட்டியாடி?" என்றார். வேறு நாளாக இருந்தால் மதினி பதிலுக்கு நன்றாகக் கொடுத்திருப்பார். அன்றைக்கு எழுந்து அவருக்குத் தட்டை எடுத்து வைத்தார். அண்ணனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

மறுநாள் மதினி என் கடைக்கு வந்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பழைய வேட்டியில் துணி தைக்க வேண்டும் என்று சாக்கு. வெட்டிய துணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. போகப்போவதில்லை என்பது அவருக்கு முடிவாகியிருந்தது. மகளிடம் போகவே மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், போபோவிடம் வரவே மாட்டேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அவரைக் குடைந்தது அடுத்த விஷயம். "நான் வர மாட்டேன்னு சொன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும் புள்ள. ஒண்ணு, இனி யாருக்கு எடுத்து வைக்கிறதுன்னு அவங்களே முழுசா சாப்பிடுவாங்க. இல்லன்னா, இனி யாருக்காகச் சாப்பிடுறதுன்னு அந்தப் பாதியையும் விட்டுருவாங்க. எதுன்னு எனக்குத் தெரியல. பதினாறு வருஷம் குளிப்பாட்டினேன், அது கூடத் தெரியல பாரு."

நான் வாயாடி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். வேண்டுமானால் கொஞ்சம் மழுப்பிச் சொல்லுங்களேன், உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லுங்களேன் என்றேன். மதினி தலையை ஆட்டினார். மழுப்பிச் சொன்னதால்தான் இந்த வினை என்றார். அந்தப் பாஷையில் பாதிக் கதவைத் திறந்து வைக்க முடியாதாம். திறந்தால் முழுக்கத் திறந்திருக்கும், அந்த அம்மா வாசலிலேயே நிற்பார் என்றார்.

அன்றைக்கு நானும் கடையை வெள்ளனவே பூட்டிவிட்டு அவரோடு மேலே போனேன். மூடுபனி இறங்கி லயத்து முற்றம் தெரியவில்லை. கைபேசியை உப்புச் சாடியில் சாய்த்து வைத்து, மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் தண்ணீர் எடுக்க வந்தவள் போகாமல் சுவரோரமாக நின்றாள். திரையில் போபோ வந்தார். கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தார்கள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் கஞ்சி. பக்கத்தில் மூடுவதற்குத் தட்டைத் தயாராக வைத்திருந்தார். மதினி முதலில் குளிர் எப்படி, கால் வலி எப்படி என்று ஏதேதோ கேட்டார். அப்புறம் பலகையை ஜன்னலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போபோ. ங்ஓ ம் ஃபான் லே லா." நான் இனித் திரும்பி வர மாட்டேன் என்று அர்த்தம். போபோ காதுக்குக் கையைக் குவித்தார். மதினி திரும்பவும் சொன்னார், இந்தத் தடவை அந்த உறுதிச் சொல்லையும் முன்னால் வைத்து. "சன் ஹை ம் ஃபான் லே." நிஜமாகவே வரப்போவதில்லை. அதற்கப்புறம் நிறுத்தாமல், தமிழில் பேசுகிற வேகத்தில், என்னென்னவோ சொன்னார். எனக்கு வைக்காதீர்கள், நான் இங்கே என் பிள்ளையோடு இருக்கிறேன், எனக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது, எனக்கு இங்கே சோறு இருக்கிறது, அது உங்களுடைய கிண்ணம், எல்லாம் உங்களுக்குத்தான் என்றெல்லாம் சொன்னதாகப் பிறகு விவரித்தார். கடைசியில் வழக்கமான சொல். "ஸிக் ஸாய்." ஆனால் அதில் அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

போபோ வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டதோ என்று நான் நினைத்தேன். பின்னால் தாதி நடந்து போனதைப் பார்த்துத்தான் இல்லை என்று தெரிந்தது. பிறகு அவர் ஒன்று கேட்டார். மதினி "சாப்பிட்டேன்" என்று அவர்கள் பாஷையில் பதில் சொன்னார். நீ சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். காலையிலிருந்து மதினி வாயில் ஒன்றும் போடவில்லை என்பது எனக்கும் மகளுக்கும் தெரியும். போபோ தலையை ஆட்டிவிட்டு, மூடும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கரண்டியை எடுத்தார். நிதானமாக, ஒவ்வொரு வாயாக, கிண்ணத்தைச் சாய்த்து வழித்துச் சாப்பிட்டு முடித்தார். மதினி அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். முடித்ததும் வெறும் கிண்ணத்தைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினார் போபோ. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுவரோரம் நின்ற மகள் வந்து அம்மாவின் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பருவத்தில் உட்காருவதும் எழுவதும் பெரிய வேலை. "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டாள். மதினி ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள், "அவங்கள்ட்ட சொன்ன மாதிரி என்கிட்டயும் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். அது குற்றச்சாட்டா, இல்லை வேறு ஏதாவதா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. மதினி அவளுடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீங்கிக் கிடந்த பாதம். மகள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து அழைப்பு வரவில்லை. போபோவின் மகன் எழுதி அனுப்பினார்: அம்மா மூன்று வேளையும் முழுக்கச் சாப்பிடுகிறார், உடம்பு தேறுகிறது, குழாய் தேவையில்லை என்கிறார்கள். மதினி ஒரு நாள் அவராகவே அழைத்தபோது, அம்மா பேச விரும்பவில்லை என்று தாதி சொன்னாள். அதன் பிறகு மதினி அழைக்கவில்லை. நாலு மணியானால் மட்டும் கை தன்னால் அடுப்பு வேலையை விட்டுவிடும். ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வருவார். கொழுந்துப் பெண்கள் பழக்கத்தில் கேட்பார்கள், சீனத்தம்மா உண்டாங்களா என்று. "முழுசா உண்டாங்க" என்பார் மதினி. அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பேத்தி பிறந்தாள். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்த அன்று லயமே வாசலில் நின்றது. வீடு கலகலப்பாகிவிட்டது. அப்படி ஒரு மத்தியானத்தில், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே மதினி என்னிடம் கேட்டார்: "ஏன் புள்ள, ஒரு மனுஷி காத்துக்கிட்டே பட்டினி கெடக்கிறது நல்லதா, காத்திருக்கிறதுக்கு ஒருத்தருமில்லாம வயிறு நெறஞ்சு கெடக்கிறது நல்லதா?" நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை உதைத்துச் சிணுங்கியதும் மதினி மறு காலுக்கு எண்ணெய் எடுத்தார்.

போபோ போய்விட்டார் என்ற செய்தி இந்த மழைக்காலத்தில்தான் வந்தது. தூக்கத்திலேயே போனாராம், கஷ்டப்படவில்லை என்று மகன் சொல்லியிருந்தார். குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது. மதினி அதை ஜன்னலில் நின்று கேட்டார். நானும் மகளும் பக்கத்தில் இருந்தோம். இந்தத் தடவை அவர்கள் பாஷையிலேயே, நீளமான பேச்சு. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் அந்த மனுஷன் கொஞ்சம் நிறுத்தி, தழுதழுத்துக்கொண்டு சொன்ன ஒரு சொல்லின் வால் மட்டும் என் காதில் தட்டுப்பட்டது. "டோ சே ஸாய்."

"அந்த ஸாய் இதுல எங்க வருது மதினி?" என்று கேட்டேன். இந்த நேரத்திலும் சொல்லைப் பற்றியா கேட்கிறாய் என்று மகள் என்னை முறைத்தாள். மதினிக்குக் கோபம் வரவில்லை. அது நன்றி சொல்வது என்றார். சும்மா நன்றி என்றால் டோ சே மட்டும் போதும். நீ செய்தது அவ்வளவுக்கும் சேர்த்து, ஒன்று விடாமல், நன்றி என்று சொன்னால் ஸாய் போடுவார்கள். அவர் தரப்பில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார் என்றார்.

பதிலுக்கு என்ன அனுப்பப் போகிறீர்கள் என்று மகள் கேட்டாள். மதினி கைபேசியை வாயருகே கொண்டுபோய், பதிவு செய்யும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பிடித்தபடியே நின்றார். அப்புறம் விரலை எடுத்துவிட்டார். மழைச் சத்தம் மட்டும் பதிந்து அப்படியே அவருக்குப் போய்விட்டது.

"அவரு சொல்லி முடிச்சிட்டாரு" என்றார் மதினி. "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."